அம்மாவின் சீனி பார்க்கும் கருவி: எட்டு மாதப் பாவனைக்குப் பின்

கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நீரிழிவு இருப்பது தெரிந்து பத்து ஆண்டுகள் கடந்தும், கிளினிக் நாளன்று வெறும் வயிற்றில் எடுக்கும் ஓர் அளவைத் தவிர வேறு கணக்கு எங்களிடம் இருந்ததில்லை. அந்தக் காலை அளவு ஒழுங்காகவே இருக்க, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் 8.4 வீதம் என்று கூடி வந்தபோதுதான், சாப்பாட்டுக்குப் பின் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக, சென்ற கார்த்திகையில் மட்டக்களப்பு நகரிலுள்ள பாமசியொன்றில் இந்தக் கருவியை வாங்கினோம்.

உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி இது. இரத்தம் தொடும் சோதனைப் பட்டியைச் செருகியதும் தானாக இயங்கி, ஒரு துளி இரத்தத்தை உறிஞ்சி, ஐந்து வினாடியில் எண்ணைக் காட்டிவிடுகிறது. அந்த எண் அம்மா கண்ணாடியில்லாமலே வாசிக்கும் அளவுக்குப் பெரியது. விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் நோவும் குறைவு.

அடுத்தடுத்து இரு முறை பார்த்தால் 168, 179 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) என்று மாறிக் காட்டுவதால் இதைப் பொய் மெஷின் என்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன். வீட்டுக் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமே 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 வீதம் கூடிக் குறைவதை அனுமதிக்கிறது. கிளினிக்கில் இரத்தம் எடுத்த கையோடு நாங்கள் ஒப்பிட்டபோது, ஆய்வுகூடம் 142 என்றது, கருவி 151 என்றது. எனக்கு அது போதும். பெரிய பிழைகள் எங்கள் கையால்தான் வந்தன. மாம்பழம் சீவிய விரலைத் துணியில் துடைத்துவிட்டு அம்மா குத்திய அன்று 274 காட்டியது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்த பின் பார்த்தால் 166.

இக்கருவியின் உண்மையான பயன் சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது. சாப்பிடுவதற்கு முன் ஒரு முறையும், முதற்கவளத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு முறையும் பார்த்து, கொப்பியில் உணவோடு சேர்த்து எழுதினோம். அரிசிமாப் பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்ட காலை 124இலிருந்து 238க்கு ஏறியது. அதே பிட்டைப் பாதியாக்கி, அவித்த பயறும் மீன் குழம்பும் பொன்னாங்காணிச் சுண்டலும் சேர்த்த நாளில் 171இல் நின்றது. "குரக்கன் சீனிக்கு நல்லம் மனே" என்று அம்மா வயிறு நிறையக் குரக்கன் பிட்டுச் சாப்பிட்ட நாளில் வந்த 215, அதுவும் மாச்சத்துத்தான் என்பதை என்னைவிடத் தெளிவாக அவருக்குச் சொல்லியது. எருமைத் தயிர் பெரிதாக ஏற்றவில்லை. அதன்மேல் ஊற்றிய பாணிதான் ஏற்றியது. உணவுக்குப் பின் 180க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு என்றாலும், வயதானவர்களுக்கு வைத்தியர் அதைத் தளர்த்தக்கூடும்.

சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் குளிசை போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட ஒரு நாள், அம்மா வியர்த்து நடுங்கினார். சீனி மிகவும் இறங்கி, கருவி 62 என்றது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்த்தபோது 95. கருவிக்குக் கொடுத்த காசுக்கு அன்றே பலன் கிடைத்துவிட்டது.

குறை என்றால் பட்டிகள்தான். கருவி ஒரு முறைச் செலவு, பட்டியோ ஓயாத செலவு. 50 பட்டிகள் கொண்ட போத்தலைத் திறந்தால் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருப்பதால், கிழமைக்கு இரண்டு சோடி அளவுகள் என்று வகுத்துக்கொண்டோம். மாரி மழையில் ஓர் இரவு மூடி சரியாக இறுகாமல் கிடந்து, ஈரம் குடித்த பட்டிகள் எல்லாம் பிழைக் குறியையே காட்டின. அடுத்த போத்தலை வாங்கிய கடையில் காலாவதியாக ஐந்து வாரமே இருந்ததை நான் கவனிக்கவில்லை. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் போத்தலின் அடியைப் பார்த்த பிறகே காசை நீட்டுகிறேன்.