14 நாள் கழுத்துல கோன் மாட்டிக்கிட்டு சுத்துன ஒரு நாயோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இந்த சாமானை நான் கேட்டு வாங்கல. கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் பாதி தெளிஞ்சும் தெளியாம கண்ணை தொறக்குறேன், உலகமே ஒரு புனலுக்குள்ள இருக்கு. தலையை இந்தப் பக்கம் திருப்புனா புனலும் இந்தப் பக்கம் வருது. சரி ஏதோ கனவுன்னு நினைச்சு எந்திரிச்சு ரெண்டு அடி வெச்சா டமார்னு கதவு நிலையில முட்டி அப்படியே உக்காந்துட்டேன். அம்மா ஐயோ என் தங்கம்னு ஓடி வந்தாங்க. சின்னவன் விழுந்து விழுந்து சிரிச்சான், அதை நான் இன்னும் மறக்கல.

பேரு கோன், தையலை நாங்க நக்கிடாம இருக்க கழுத்துல மாட்டி விடற புனல். டாக்டருங்க எலிசபெதன் காலர்னு சொல்றாங்க, சுருக்கமா இ-காலர். 1558ல இருந்து 1603 வரைக்கும் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் ராணி காலத்துல பெரிய இடத்து ஆளுங்க கழுத்தை சுத்தி மடிப்பு மடிப்பா தட்டு மாதிரி ஒண்ணு போட்டுப்பாங்க, அந்த ஜாடையில இருக்கறதால இதுக்கு அந்தப் பேரு. அவங்க அழகுக்கு போட்டாங்க, நான் வயித்துல தையலை வெச்சுக்கிட்டு போட்டிருக்கேன். ஆபரேஷன் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, குட்டி போடக்கூடாதுன்னு மட்டும் இல்ல, எங்க மாதிரி பொண்ணு நாய்ங்களுக்கு வயசாக ஆக கர்ப்பப்பையில சீழ் கட்டிக்கற பயோமெட்ரான்னு ஒரு வியாதி வரலாம், கவனிக்காம விட்டா உயிரே போயிடும், கர்ப்பப்பையை எடுத்துட்டா அந்த பயம் விட்டுச்சு.

சரி சாமானுக்கு வருவோம். கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக், கழுத்துகிட்ட பஞ்சு வெச்ச ஓரம், ஒட்டறதுக்கு வெல்க்ரோ. அந்த வெல்க்ரோ பிரிக்கற சர்ர்ர்க் சத்தம் இருக்கே, காதுக்கு பக்கத்துலயே கேக்கும், மொத ரெண்டு நாள் அதுக்கே நடுங்கிட்டேன். புனலுக்குள்ள சத்தமெல்லாம் குவிஞ்சு வருது, பாத்திரம் விழுந்தா தலைக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. ஓரம் சுவத்துல உரசுனா மீசை வரைக்கும் அதிருது. எங்க மீசை சும்மா அழகுக்கு இல்லங்க, ஒவ்வொரு முடியோட வேருலயும் நரம்பு இருக்கு. அதே மாதிரி உங்களுக்கு கண்ணு தோராயமா 180 டிகிரிதான் பாக்கும், எங்களுக்கு 240 பக்கம் வரும், கோனை மாட்டுனதும் பக்கவாட்டுல பாதி போச்சு. பின்னாடி இருந்து யாராவது தொட்டா தூக்கிவாரிப் போடுது. அதனால கோன் போட்ட நாய்கிட்ட பேசிக்கிட்டே முன்பக்கமா வாங்க, திடீர்னு முதுகுல கை வெக்காதீங்க.

இருக்கறதுலயே பெரிய கொடுமை மோந்து பாக்கறதுதான். வெளிய கூட்டிட்டுப் போனாங்க, மூக்கை தரையில வெக்க குனியறேன், மூக்குக்கு முன்னாடி கோன் ஓரம் போய் மண்ணுல குத்துது. நான் விடாம முன்னாடி போறேன், அது கலப்பை மாதிரி மண்ணையும் காஞ்ச இலையையும் வாரி உள்ள போடுது, மூஞ்சி பூரா தூசி, ஒரு தும்மல், அந்த தும்மலும் திரும்ப என் மேலயே. தெருவுல யாரு வந்தா யாரு போனான்னு எல்லா நியூஸும் எனக்கு அந்த மின்கம்பத்துல இருந்துதான் வரும், 14 நாளா பேப்பர் வராத வீடு மாதிரி ஆயிட்டேன். மதில் மேல ஒரு பூனை இதையெல்லாம் பாத்துக்கிட்டு கால் நீட்டி உக்காந்திருந்துச்சு, அதைப் பத்தி இங்க பேச வேணாம்.

தண்ணி குடிக்கறதும் தகராறுதான். தரையில இருக்கற அகலமான கிண்ணத்துல குனிஞ்சா கோன் தரையில கவுந்து மூடிக்கும், நாக்கு தண்ணியை தொடாது. ஒரு நாள் பூரா நான் சரியா தண்ணியே குடிக்கல, இவங்க ஆபரேஷன் டயர்டுன்னு நினைச்சிட்டு இருந்தாங்க. அப்பறம் அப்பா சின்ன கிண்ணமா எடுத்து ஒரு குட்டி ஸ்டூல் மேல வெச்சாரு, கோன் கிண்ணத்தை சுத்தி வெளிய உக்காந்துச்சு, மூஞ்சி உள்ள போச்சு, அவ்ளோதான் பிரச்சனை. சாப்பிட்டு முடிச்சதும் உள்பக்கம் ஈரத்துணியால துடைச்சு காய விடணும், இல்லன்னா ஒட்டுனது காஞ்சு போய் நாத்தம் அடிக்கும், எனக்கே நாத்தம்னா பாத்துக்கோங்க.

சைஸ் விஷயத்துல நாங்க ஏமாந்தோம், இதை மட்டும் கவனமா படிங்க. மொதல்ல வந்த கோன் அளவு எடுக்காம கண்ணளவுல வாங்குனது. என் மூக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் வளைஞ்சு படுத்து நாக்கை நீட்டுனா தையலோட கீழ் முனை எட்டிடுச்சு, அப்பறம் அந்த கோன் எதுக்கு. கழுத்துல காலர் உக்காருற இடத்தை சுத்தி ஒரு அளவு, அங்கிருந்து மூக்கு நுனி வரைக்கும் ஒரு அளவு, ரெண்டும் வேணும். மாட்டுனா மூக்கை தாண்டி ரெண்டு விரல் அளவாவது நீட்டிக்கிட்டு இருக்கணும். கழுத்துல ஒண்ணு ரெண்டு விரல் போக இடம் இருந்தா போதும், அதுக்கு மேல லூசா இருந்தா முன்னங்காலை விட்டு கழட்டிடுவோம், நான் கழட்டுனேன்.

ஏன் நக்கக்கூடாதுன்னு இவ்ளோ கெடுபிடின்னு எனக்கும் புரியல மொதல்ல. நாய் எச்சில் புண்ணை ஆத்தும்னு பாட்டி அடிச்சு சொன்னாங்க. என் வாயில கிருமி எவ்ளோ இருக்கும்னு நான் எதையெல்லாம் வாயில வெச்சேன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். அது போக என் நாக்கு திரும்பத் திரும்ப தேய்க்க தேய்க்க தையல் இழுபடும், ஈரத்துலயே ஊறுனா தோல் ஒட்டாது.

நாலாவது நாள் ராத்திரிதான் அந்த சம்பவம். கோன் சுவத்துல டக் டக்னு இடிக்க நான் புரண்டு புரண்டு படுக்கறேன், ஒரு மொனகல் விட்டேன், கொஞ்சம் கூடுதலாவே விட்டேன்னு வெச்சுக்கோங்க. பாட்டி எந்திரிச்சு வந்து, பாவம் வாயில்லா ஜீவன், ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கட்டும்னு சர்ர்ர்க்னு பிரிச்சு விட்டுட்டாங்க. நான் யோக்கியம்னு சொல்ல மாட்டேன். பாட்டி குறட்டை ஆரம்பிக்கற வரைக்கும் காத்திருந்தேன், அப்பறம் விடியற வரைக்கும் அந்த ஒரு வேலைதான். காலையில பாத்தா ஒரு தையல் இல்ல, சுத்தி செவந்து போய் லேசா நீர் கசிஞ்சுது. திரும்ப டாக்டர், திரும்ப ஊசி, திரும்ப ஒரு தையல், எண்ணிக்கையும் மறுபடி முதல்ல இருந்து. அதாவது தலைப்புல போட்டிருக்கற 14 அந்த நாலு போக. கோனை யாரு கழட்டுனதுன்னு டாக்டர் கேட்டதுக்கு எல்லாரும் என்னைய பாத்தாங்க, எனக்கு கட்டைவிரலே கிடையாதுங்க.

அன்னிக்கு சாயங்காலமே இன்னொரு கூத்து. பாட்டி என் காதை தொட்டுப் பாத்து காய்ச்சல் கொதிக்குதுன்னாங்க. எங்க உடம்பு சூடே 38.3ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும், உங்க கைக்கு எப்பவும் சூடாத்தான் தெரியும். அதைக் கேட்டு அப்பா வீட்டுல இருந்த பாராசிட்டமால்ல பாதி உடைச்சு எடுத்துட்டாரு, நல்லவேளை அம்மா புடுங்கி டாக்டருக்கு போன் போட்டாங்க. உங்க வலி மாத்திரையெல்லாம், முக்கியமா இப்யூப்ரோஃபென், எங்களுக்கு விஷம் மாதிரி. பாராசிட்டமாலும் டாக்டர் சொல்லாம கூடவே கூடாது. எங்களுக்குன்னு வலி மருந்து தனியா எழுதித் தருவாங்க, அதைக் குடுத்தா போதும்.

அப்பறம் குற்ற உணர்ச்சியில ரெண்டு மாத்து சாமான் வாங்குனாங்க. ஒண்ணு காத்தடிச்சு கழுத்தை சுத்தி மாட்டற வளையம், பேரு டோனட். அடடா, தலையணை வெச்ச மாதிரி தூக்கம், கண்ணும் நல்லா தெரியுது, தண்ணியும் சாதாரணமா குடிக்கலாம். ஆனா எனக்கு உடம்பு நீளம், மூஞ்சியும் நீளம், ரெண்டே நிமிஷத்துல வயித்தை எட்டிட்டேன். கழுத்து குட்டையா இருக்கறவங்களுக்கு வேணா சரிப்படும். இன்னொண்ணு துணி சூட், நாலு கால் விட்டு முதுகுல பட்டன் போடறது. வயித்து தையலுக்கு இது நல்லா மூடுது, நடமாட்டம் ஃப்ரீ. ஆனா ஒண்ணுக்கு போக பின்பக்கம் பட்டனை கழட்டி சுருட்டி விடணும், சின்னவன் ஒரு தடவை மறந்துட்டான், நனைஞ்ச துணி தையல் மேல, அம்மா போட்ட சத்தத்துல பூனையே ஓடிடுச்சு. மாத்திக்க ரெண்டு செட் இல்லாம வாங்காதீங்க. துணி மேலயே நக்கற ஆளு நான், அதனால கடைசியில யாராவது பக்கத்துல இருக்கற நேரம் சூட், ராத்திரி கோன்னு முடிவாச்சு.

தையல் பிரிக்கற வரைக்கும், அது பொதுவா 10ல இருந்து 14 நாள், குளியல் கிடையாது ஓட்டம் கிடையாது சோபா மேல தாவறது கிடையாது. தினம் ரெண்டு வேளை வெளிச்சத்துல தையலை பாருங்க. மொத ரெண்டு மூணு நாள் லேசா வீங்கி இருக்கறது சகஜம், அதுக்கப்பறமும் செவப்பு கூடுனாலோ சீழ் வந்தாலோ வாசனை மாறுனாலோ உடனே டாக்டர்தான்.

ஸ்டார் போடறேன். டோனட்டுக்கு 5ல 2, அதுவும் தூக்கத்துக்காக. சூட்டுக்கு 3. கோனுக்கு மனசே இல்லாம 4, ஏன்னா நான் என்னென்னவோ பண்ணிப் பாத்தும் சரியான சைஸை என்னால ஜெயிக்க முடியல. ஒரு ஸ்டார் குறைச்சது காதுக்காக. உள்ள காது அரிக்கும், பின்னங்காலை தூக்குனா பிளாஸ்டிக்க மட்டும் சொறண்டிக்கிட்டே இருக்கும், சர சரன்னு சத்தம்தான் வரும். அதுக்கு பாட்டிதான் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, வெல்க்ரோ பக்கமே கை போகாம புனல் வாய் வழியா கையை உள்ள விட்டு காது அடியில சொறிஞ்சு விடுவாங்க, நான் ஒரு பக்கமா சாஞ்சிடுவேன். தையல் பிரிச்சு கோனை பரண்ல ஏத்தி நாளாச்சு, இப்பவும் ராத்திரி அவங்க கட்டில்கிட்ட போய் தலையை நீட்டிக்கிட்டு நிக்கறேன், தூக்கத்துலயே கை வருது.