படுத்த படுக்கையான முதியவருக்கு எது கைகொடுக்கும்? உதவித்தொகை, இல்லம், ஏஜென்சி ஆள், அரசு வீட்டுப் பராமரிப்பு: ஓர் ஒப்பீடு

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மாமியார். கூலிக்குப் போனால்தான் உலை வைக்க முடியும் என்ற நிலையில் மகனும் மருமகளும். தமிழ்நாட்டில் இப்படி ஒரு வீட்டுக்கு என்னென்ன வழிகள் உண்டு, எது எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம். அதற்கு முன், அந்த வீட்டில் ஒரு நாளில் என்ன வேலை நடக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். ஒரு நாளுக்குப் பன்னிரண்டு முறை. எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப்போவதுதான் படுக்கைப் புண். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகியவை முதலில் போகும். முழுதாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. தனியாளாகப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். அடியில் மடித்துப் போட்ட போர்வையோடு இருவர் தூக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், வளையமான காற்றுத் தலையணையில் உட்கார வைப்பதும் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்கள். மூக்குக் குழாயில் உணவு போகிறதென்றால் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் வரும். சிறுநீர்க் குழாயில் மாட்டிய சேகரிப்புப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும்.

இதில் பெரும்பகுதிக்கு டாக்டர் தேவையில்லை. பழகிய கையும், அந்தக் கைக்கு நேரமும் வேண்டும். நான்கு வழிகளையும் இந்தத் தேவையை வைத்தே எடை போடுகிறோம்.

முதலில் முதியோர் உதவித்தொகை. மாநிலம் 2023இல் அதை மாதம் ரூ.1,200 ஆக்கியது. மத்திய அரசின் பங்கு 79 வயது வரை ரூ.200, 80 வயதிலிருந்து ரூ.500, பத்தாண்டுக்கு மேலாக அந்தத் தொகை ஏறவே இல்லை. பெரியவர்களுக்கான டயபர் ஒன்று ரூ.30 என்றே வைத்தாலும், நாளுக்கு மூன்று என்றால் மாதம் ரூ.2,700 ஆகிறது. 2025-26இல் நூறு நாள் வேலையின் கூலி ரூ.336. அந்த ரூ.1,200 நான்கு நாள் கூலிக்குக்கூட வராது; மருமகள் மாதம் முழுக்க வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொகை அவசியம், உயரவும் வேண்டும். ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டாலே பராமரிப்பு கிடைத்துவிடாது.

மருத்துவக் காப்பீட்டின் கதை சுருக்கமானது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மத்தியக் காப்பீடு உண்டு. அது மருத்துவமனையில் சேர்த்தால்தான் பேசும். புண் சீழ்பிடித்துச் சேர்த்தால் பணம் வரும். புண் வராமல் புரட்டிய கைக்கு ஒரு பைசா வராது.

முதியோர் இல்லம் யாருமற்றவர்களுக்குத் தேவை, அதில் இரண்டு பேச்சில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லம், 150 பேர் என்று பேசுகிறது. 38 மாவட்டத்திலும் கட்டினாலும் 5,700 இடம்தான். மாநிலத்தில் 60 வயது கடந்தவர்களோ ஒரு கோடிக்கு மேல். தவிர, பல இல்லங்கள் எழுந்து நடப்பவரை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன.

ஏஜென்சி மூலம் ஆள் வைப்பது வசதியுள்ளவர்களின் வழி. சென்னையில் 24 மணி நேர ஆள் மாதம் இருபதாயிரத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. அதிலும் ஏஜென்சி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். வரும் பெண்ணுக்குப் பயிற்சி உண்டா என்று கேட்க யாருமில்லை.

நான்காவது வழி அரசு வீட்டுக்கு வருவது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், உண்மையிலேயே பெரிய காரியம். பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கு வருகிறது. இயன்முறை மருத்துவரும், வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் அவர்கள் வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. ஒரு வட்டாரம் என்றால் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். நர்ஸ் வந்து புண்ணுக்கு மருந்து கட்டி, குழாய் மாற்றிவிட்டுப் போவார். அடுத்த வருகை வரை புரட்டுவது யார்?

கேரளம் 2008இல் ஆதரவுச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்து, வீட்டுக்குப் போகும் நர்ஸை ஊராட்சியின் பொறுப்பில் விட்டது. அங்கே ஊராட்சி பெரியது என்றாலும், நம் வட்டாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேதான் வரும். பராமரிக்கும் குடும்பத்தாருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் ரூ.600 உண்டு. தொகை சிறிது, ஆனாலும் அந்த உழைப்பை அரசு கணக்கில் எடுத்திருக்கிறது. தாய்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2016 முதல், குளிப்பது, உண்பது, எழுவது போன்றவற்றைத் தானே செய்ய முடிவதற்கான மதிப்பெண் 20க்கு 11 அல்லது அதற்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு, ஆளுக்கு ஆண்டுக்கு 5,000 பாத் என்று உள்ளாட்சி நிதியில் ஒதுக்கத் தொடங்கினார்கள். 70 மணி நேரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பராமரிப்பாளர் வீட்டுக்குப் போகிறார். அவருக்கு மேலே கண்காணிக்கும் நர்ஸ் இருக்கிறார்.

நமக்குக் குறைவது இந்த நடு அடுக்குதான். ஊரிலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு இரண்டு மணி நேரம், நாளுக்கு நான்கு வீடு என்று நாள் கூலி ரூ.500 கொடுத்தால், 26 நாளுக்கு ரூ.13,000. ஒரு முதியவருக்கு மாதம் ரூ.3,250. இரண்டு மணி நேரத்தில் குளியல், படுக்கை மாற்றல், உணவு, தோலைப் பார்ப்பது எல்லாம் முடியும். மீதிப் புரட்டலை வீட்டார் செய்ய வேண்டும், அதைச் சரியாகச் செய்யக் கற்றுத்தருவதும் இவர் வேலை. காற்று மெத்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரவல் கொடுத்தால் சுமை இன்னும் குறையும். மெத்தை இருக்கிறதே என்று புரட்டுவதை நிறுத்திவிடக் கூடாது.

இப்போதே செய்யக்கூடியவை: டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், படுக்கை நோயாளி என்று ஆதரவுச் சிகிச்சைப் பட்டியலில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567. அடுத்த கிராம சபையில் இரண்டு தீர்மானங்கள் கேளுங்கள்: ஊராட்சியில் படுக்கையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை எடுக்க ஒன்று, கூலியோடு கூடிய பராமரிப்பாளர் பணியிடம் கேட்டு அரசுக்கு அனுப்ப இன்னொன்று. எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், ‘உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை’ என்று மனுவைத் திருப்பி அனுப்ப முடியாது.