4 இழை நுழைய 9 மி.மீ. துளை போதாது

கொடைக்கானல் ஏரிச் சாலைக் கைவினைக் கடை ஒன்றில் 650 ரூபாய்க்குக் கிடைக்கும் கயிற்றுப் புதிர்ப் பெட்டி. உள்ளே மூன்று புதிர்கள், ஒரு கையேடு.

பெட்டியின் உயிர் நுகத்தடிப் புதிர்தான். கட்டையில் மூன்று துளைகள். கயிற்றின் முனைகள் ஓரத் துளைகளில். நடுப்பகுதி நடுத்துளையில் சுருக்காக மாட்டியிருக்கும். பக்கத்துக்கொன்றாக இரண்டு மணிகள். அவற்றை ஒரே பக்கம் சேர்க்க வேண்டும். மணி நடுத்துளையில் நுழையாது. எனவே துளைக்குள் இருக்கும் கயிற்றை மணியிடம் வரவழைக்க வேண்டும். இந்த ஓர் எண்ணம் பிடிபட்டுவிட்டால் இடவியலே (அறுக்காமல் வளைத்தாலும் நெளித்தாலும் மாறாதவற்றைப் பற்றிய கணிதம்) பாதி பிடிபட்ட மாதிரி.

சுருக்கைத் தளர்த்தி ஒரு மணியை அதனூடே ஏற்றிக் கட்டையின் பின்பக்கம் கொண்டுவாருங்கள். பின்பக்க இழைகள் இரண்டையும் சேர்த்து இழுத்தால் நடுத்துளை வழியே இரண்டு கண்ணிகள் வரும். மணியை இரண்டிலும் நுழைத்துவிட்டு, கண்ணிகளை முன்பக்கம் திருப்பி இழுங்கள். மணி இப்போது அடுத்த இழையில் இருக்கும். சுருக்கு வழியே இறக்கினால் முடிந்தது. மணியின் விட்டம் 20 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 63. அதனால் கண்ணி 4 செ.மீ. நீளமாவது வெளியே வரவேண்டும்.

கோளாறும் இங்கேதான். கண்ணிகள் வெளியே வந்ததும் நடுத்துளையில் 4 இழைகள் நிற்கும். நான்கு வட்டங்களை அடக்க, ஒன்றின் விட்டத்தைப்போல் 2.41 மடங்கு வேண்டும். கயிறு 4 மி.மீ.; தேவை 9.7. துளையோ 9! பருத்திக் கயிறு நசுங்கிக் கொடுப்பதால் வெயில் நாளில் எப்படியோ போய்விடும். மலை மூடுபனியில் ஈரம் குடித்து ஊதியதும் பாதியில் சிக்கும். விடை தப்பென்று பிள்ளைகள் கைவிடுவது இதனால்தான். 3 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு மாற்றுங்கள், 7.3 போதும்.

கைவிலங்குப் புதிரில் குறையில்லை. இருவரின் மணிக்கட்டுகளில் வளையமாகக் கட்டிய இரண்டு கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்; கட்டை அவிழ்க்காமல் பிரிய வேண்டும். உங்கள் கயிற்றின் நடுவை மடித்து, எதிரே இருப்பவர் மணிக்கட்டு வளையத்துக்குள் முழங்கைப் பக்கமிருந்து நுழைத்து, விரல்களுக்கு மேலாகக் கழற்றவேண்டும். தவறான பக்கத்தில் நுழைத்தால் பிணைப்பு இரட்டிக்கும்.

மூன்றாவது, முடிச்சுகளுக்கு வண்ணமிடும் பலகை. ஒவ்வொரு குறுக்கிலும் (ஓர் இழை இன்னொன்றின் மேல் கடக்கும் இடம்) மூன்று இழைத்துண்டுகளும் ஒரே நிறம் அல்லது மூன்றும் வேறு நிறம். மொத்தத்தில் இரண்டு நிறங்களாவது வரவேண்டும். மூவிலை முடிச்சு (சாதாரண முடிச்சுப் போட்டு முனைகளை ஒட்டியது) இதில் தேறும், வெறும் வளையம் தேறாது. ஆகவே அறுக்காமல் மூவிலையை அவிழ்க்க முடியாது. அழகான நிரூபணம். ஆனால் “தேறாதவை எல்லாம் அவிழும்” என்கிறது கையேடு. தவறு. முனைகளை ஒட்டிய எட்டு முடிச்சு (8 வடிவ முடிச்சு) மூன்று நிறத்தில் தேறாது, அவிழவும் அவிழாது. அது அவிழாது என்று காட்ட, நிறத்துக்குப் பதில் இழைத்துண்டுகளுக்கு 0 முதல் 4 வரை, இரண்டு எண்களாவது வரும்படி எண்ணிடுங்கள்: எந்தக் குறுக்கிலும் மேலிழை எண்ணின் இரட்டிப்பும் கீழிழை எண்களின் கூட்டலும் 5ஆல் வகுத்தால் ஒரே மீதி தரும்.