மைக்ரோசாஃப்ட் லேர்ன்: கம்பெனி ஐடி டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஐடி வேலை என்றாலே திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் சாஃப்ட்வேர் கோடு எழுதுகிறவர் என்றுதான் நினைப்பார்கள். ஒரு கம்பெனிக்குள்ளேயே ஐடி டிபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து சர்வர், மெயில், லாகின், லேப்டாப் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற எங்களைப் போன்றவர்கள் யார் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் கற்றது பழசாகிப் போகும் ஆபத்து எங்களுக்குத்தான் அதிகம். சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்த ப்ராஜெக்ட்டுக்காகவாவது புதிதாக ஏதாவது கற்றுக்கொடுப்பார்கள், எங்களிடம் யாரும் எதையும் கற்கச் சொல்வதில்லை, டிக்கெட் (ஊழியர்கள் பதிவு செய்யும் புகார்) மூடினால் போதும். சிஸ்டம் ஓடும் வரை யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வேலையை வெளியே வெண்டாரிடம் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வரும்போதுதான் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருக்க நான் தொடர்ந்து பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் லேர்ன், தங்கள் மென்பொருள்களைக் கற்றுக்கொடுக்க மைக்ரோசாஃப்டே நடத்தும் இணையதளம். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், கொள்ளாம், அதாவது நன்றாகவே இருக்கிறது. ஆனால் எதற்குக் கொள்ளாம், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

பாடங்களுக்குக் காசு கிடையாது. சின்னச் சின்ன மாட்யூல்களாக இருக்கும், ஒவ்வொன்றின் கடைசியிலும் சில கேள்விகள், அதே தளத்தில் முழு டாக்குமென்டேஷனும் உண்டு. வீடியோவாகவே படித்துப் பழகியவர்களுக்கு முதலில் சலிப்பாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் எழுத்துதான். எனக்கு அதுவே வசதி. ரயிலில் திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு மாட்யூலை வாசித்து முடித்துவிடலாம், நெட் விட்டு விட்டு வந்தாலும் பாதகமில்லை.

ஆனால் நான் இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பாடங்கள் இல்லை, தேர்வெழுதி வாங்கும் மைக்ரோசாஃப்ட் சான்றிதழை அங்கே புதுப்பிக்கும் முறை. பழைய எம்சிஎஸ்இ, எம்சிஎஸ்ஏ சான்றிதழ்களை 2021 ஜனவரி 31 அன்று மூடிவிட்டார்கள். இப்போது இருக்கும் அசோசியேட், எக்ஸ்பர்ட் என்ற இரண்டு நிலைச் சான்றிதழ்களும் ஒரு வருடம்தான் செல்லும். பலர் இதைக் கேட்டதும் 'வருடாவருடம் காசு பிடுங்கும் வேலை' என்கிறார்கள். அப்படி இல்லை. காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் கதவு திறந்துவிடும். அதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை, கேமரா கண்காணிப்பு இல்லை, பார்த்தே எழுதலாம். முதல் தடவை தேறாவிட்டால் உடனே இரண்டாம் தடவை எழுதலாம், அதற்கப்புறம் ஒவ்வொரு முறைக்கும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்கூட்டியே முடித்தாலும் நாள் வீணாவதில்லை, பழைய காலாவதித் தேதியிலிருந்துதான் அடுத்த ஒரு வருடம் கூடும். தேதியைத் தவறவிட்டால் மட்டும் முழுத் தேர்வையும் காசு கட்டித் திரும்ப எழுத வேண்டும், அதில் சலுகை கிடையாது.

சரி, பார்த்தே எழுதும் தேர்வில் என்ன பெருமை என்று கேட்கலாம். பெருமை இல்லை, பயன் இருக்கிறது. புதுப்பிக்கும் கேள்விகள் சமீபத்தில் மாறியவற்றின் மேல்தான் குறிவைக்கும், படிக்கவேண்டிய மாட்யூல்களையும் அவர்களே பட்டியல் போட்டுத் தந்துவிடுவார்கள். டிக்கெட், டிக்கெட் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆளை வருடத்துக்கு ஒருமுறை பிடித்து உட்காரவைத்து, 'நீ பார்க்காதபோது இதெல்லாம் மாறியிருக்கிறது' என்று சொல்ல வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கம்பெனிக்குள் அதைச் சொல்லும் மேலதிகாரி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

ஒரு உதாரணம். பல ஐடி டிபார்ட்மென்ட்களில் வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மூட ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) இருக்கும். யாரோ எப்போதோ எழுதியது, எழுதியவர் இப்போது கம்பெனியில் இருக்கமாட்டார். உள்ளே எம்எஸ்ஆன்லைன் என்ற கட்டளைத் தொகுப்பைக் கூப்பிட்டிருக்கும் (இதையும் மாட்யூல் என்பார்கள், பாட மாட்யூல் வேறு). அந்த மாட்யூலையும் அஷ்யூர் ஏடி மாட்யூலையும் கைவிடப்பட்டவை என்று மைக்ரோசாஃப்ட் 2024 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது, எல்லாவற்றையும் கிராஃப் பவர்ஷெல் என்ற புதிய தொகுப்புக்கு மாற்றச் சொன்னது. இது தெரியாமல் இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் ஸ்கிரிப்ட் வேலை செய்யாது, போனவரின் கணக்கு திறந்தே கிடக்கும், ஆடிட்டில் மாட்டும்போது பதில் சொல்லவேண்டியது நாம்தான். முன்கூட்டியே தெரிந்தவர் அதே ஸ்கிரிப்ட்டை எடுத்து, வரிக்கு வரி புதிய கட்டளையை எழுதி, ஒரு சோதனைக் கணக்கில் ஓட்டிப் பார்த்து மாற்றிவைத்துவிடுவார். கம்பெனியில் அவர் மதிப்பு எங்கே நிற்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து நுழையும் பேசிக் ஆத்தன்டிகேஷனை நிறுத்தத் தொடங்கினார்களே, ஐமேப் என்ற பழைய முறை வழியாக மெயில் இழுத்துக்கொண்டிருந்த பழைய மென்பொருள்கள் பல இடங்களில் நின்றுபோனது அப்படித்தான். அறிவிப்பு எப்போதோ வந்திருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை.

முதல் முறை எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. அசோசியேட் தேர்வு அமெரிக்காவில் 165 டாலர், நமக்கு அதைவிடக் குறைவு, வரி தனி. 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. தமிழில் தேர்வு கிடையாது. பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: நாம் விரும்பும் மொழியில் தேர்வு இல்லையென்றால் கூடுதலாக 30 நிமிடம் கேட்டு வாங்கலாம், ஆனால் தேர்வுத் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் அசோசியேட், எக்ஸ்பர்ட் தேர்வுகளுக்குள்ளேயே லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்கவும் விடுகிறார்கள். கடிகாரம் நிற்காது, அதனால் எங்கே தேடவேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அதனால் லாபம்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை, கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. 2017-இல் ஓகி புயல் அடித்தபோது பட்டதற்கு அப்புறம் இன்வெர்ட்டர் வைக்காத வீடு குறைவு என்றாலும், மோடத்துக்கும் இன்வெர்ட்டர் லைன் போகிறதா என்று முதலில் பாருங்கள். அறை முழுக்க போட்டோ எடுத்து அனுப்பவேண்டும், மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது, நடுவில் 'மக்கா, சாயா வேணுமா' என்று யாராவது கதவைத் திறந்தாலே தேர்வை ரத்து செய்யலாம். கூட்டுக்குடும்பமாக இருப்பவர்கள் திருவனந்தபுரத்தில் மையத்துக்குப் போய் எழுதுவது நல்லது. இன்னொன்று, பெயர். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவில் இருக்கவேண்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது நம்மிடம் சகஜம். முன்னாலேயே சரிபாருங்கள்.

காசு கட்டத் தயங்குகிறவர்கள் லேர்ன் தளத்திலேயே இருக்கும் அப்ளைடு ஸ்கில்ஸ் என்ற செய்முறைச் சோதனையில் தொடங்கலாம். 2023-இல் வந்தது, இதுவும் இலவசம். அப்ஜெக்டிவ் கேள்விகள் இல்லை, பிரவுசருக்குள்ளேயே மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷ்யூரின் நிஜ போர்ட்டல் திறக்கும், கொடுத்த வேலைகளைச் செய்துகாட்ட வேண்டும். மனப்பாடம் இங்கே செல்லாது. ஒரு இன்டர்வியூவில் நான் ஆள் எடுப்பதாக இருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

குறைகளும் உண்டு. பெயர்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், லாகின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி (அஷ்யூர் ஏடி) 2023-இல் என்ட்ரா ஐடி ஆனது, வெளியில் கிடக்கும் பழைய குறிப்புகளெல்லாம் குழப்பும். வீட்டில் செய்துபார்க்க இலவச அஷ்யூர் கணக்கு 30 நாளைக்கு 200 டாலர் தரும், ஆனால் கார்டு கொடுக்கவேண்டும். முன்பு எளிதாகக் கிடைத்த மைக்ரோசாஃப்ட் 365 டெவலப்பர் சோதனைச் சூழலை 2024 தொடக்கத்தில் சுருக்கிவிட்டார்கள், இது உண்மையிலேயே பெரிய இழப்பு. முக்கியமாக, இது அவர்கள் பொருளை மட்டும்தான் சொல்லித்தரும். டிஎன்எஸ், ரூட்டிங், லினக்ஸ் போன்ற அடிப்படை ஆட்டம் கண்டால் எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது, அதை வேறு இடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்.

வாட்ஸாப் குரூப்களில் சுற்றும் 'டம்ப்' கோப்புகளை, அதாவது கசியவிட்ட தேர்வுக் கேள்வி பதில்களைத் தொடவே தொடாதீர்கள். விதிப்படி சான்றிதழையே ரத்து செய்யலாம் என்பது ஒருபக்கம், அதை மனப்பாடம் செய்து பாஸானவர் சர்வர் முன்னால் உட்காரும்போது கையைப் பிசைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து படிப்பதில் தப்பில்லை, நல்ல வாத்தியார் கிடைத்தால் பாதி நேரம் மிச்சம். கேள்வித்தாள் தருகிறோம் என்று சொல்லும் இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

தொடங்கும்போது ஆபீஸ் மெயிலில் கணக்கு திறக்காதீர்கள், சொந்த மெயிலில் திறங்கள். கம்பெனி மாறினால் அந்த மெயில் போய்விடும், சம்பாதித்த சான்றிதழ்களும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். எந்தத் தேர்வு என்றால், லேப்டாப், மொபைல் பார்ப்பவர்களுக்கு எம்டி-102, லாகின், பாஸ்வேர்டு, அனுமதிகள் பார்ப்பவர்களுக்கு எஸ்சி-300, சர்வர் பக்கம் இருப்பவர்களுக்கு ஏஇசட்-104. உங்களுக்கு எந்த வகை டிக்கெட் அதிகம் வருகிறதோ அதையே முதலில் எடுங்கள், படித்ததை மறுநாளே வேலையில் போட்டுப் பார்க்கலாம். தேர்வுக் கட்டணத்தைக் கம்பெனி தருமா என்று எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள், பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணம் கேட்பார் இல்லாமல் திரும்பிப்போகும் கம்பெனிகள் நிறைய.