சாயப்பட்டறையை எடை போட: மார்க் ஷீட்டா, டி.இ.ஏ.வா?

பனியன் ஏற்றுமதியில் தண்ணீரும் விறகும் அதிகம் போவது சாயம் போடும் இடத்தில்தான். சப்ளையரின் திறனையும் சுற்றுச்சூழல் நடப்பையும் சேர்த்து அளக்க நினைப்பவர் அங்கிருந்து தொடங்கினால் போதும். சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 துணியில் நச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்தத் துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போனது என்று கேட்காது. மிஞ்சுவது இரண்டு வழி: மார்க் ஷீட், டி.இ.ஏ. என்ற ஒப்பீட்டுக் கணக்கு.

கணக்குக்காக மூன்று பட்டறைகளை வைத்துக்கொள்வோம். 100 கிலோ துணிக்கு 'அ' 1,000 லிட்டர் புதுத் தண்ணீரும் 400 கிலோ விறகும் செலவழிக்கிறது. திருப்பூர்ப் பட்டறை, கழிவுநீரை வடிகட்டி மீட்கும் ஆர்.ஓ., மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாபரேட்டர் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, அதனால்தான் விறகு கூடுதல். 'ஆ' வெளிமாநிலம். கழிவைச் சுத்திகரித்து வெளியே விடலாம். 4,000 லிட்டர், 200 கிலோ. 'இ'யும் திருப்பூர்தான், ஆனால் மீட்பு பிளான்ட் பழசு: 3,000 லிட்டர், 400 கிலோ.

முதலில், வெளிநாட்டு வாங்குவோருக்காக ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸ்களுக்குப் பழகிப்போன மார்க் ஷீட். விலைக்கு 40, தரம்-டெலிவரிக்கு 40, சுற்றுச்சூழலுக்கு 20. 'ஆ' 38, 34, 4 வாங்கி 76. 'அ' 28, 30, 17 வாங்கி 75. சுற்றுச்சூழலில் 20க்கு 4 எடுத்தவர் முதலிடம்! விலையில் கிடைத்த மார்க் எல்லாவற்றையும் மூடிவிட்டது. பங்கீட்டை 35, 35, 30 என்று மாற்றினால் அதே 'ஆ' 69க்கு இறங்கும், 'அ' 76ஐத் தாண்டும். பட்டறையில் ஒரு குழாய்கூட மாறவில்லை. மாறியது எக்செல்லில் மூன்று கட்டம்.

டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ் (டி.இ.ஏ.) 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் தந்த முறை. இதில் யாரும் மேலிருந்து பங்கீடு வைப்பதில்லை. ஒவ்வொரு பட்டறைக்கும் அதற்கு எது சாதகமோ அந்தப் பங்கீட்டையே கொடுத்து, அப்படியும் பின்தங்குகிறதா என்று பார்ப்பார்கள். பின்தங்காததற்கு முழு மதிப்பெண் 1. நம் கணக்கில் 'அ'வும் 'ஆ'வும் 1 வாங்கும், 'இ'க்கு 0.78. 'அ', 'ஆ' இரண்டையும் 5:4 விகிதத்தில் கலந்தால் அதே 100 கிலோ 2,333 லிட்டரிலும் 311 கிலோ விறகிலும் முடியும் என்று அர்த்தம். எவ்வளவு குறைக்கலாம் என்று பட்டறைக்காரரிடம் எண்ணாகவே சொல்லலாம். மார்க் ஷீட்டால் அது முடியாது.

ஆனால் 'ஆ' எப்படி 1 வாங்கியது? விறகுக்கே முழுப் பங்கீட்டையும் கொடுத்து, தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் விட்டதால். கழிவுநீரை, தண்ணீர், விறகு போல இன்னொரு இடுபொருளாகச் சேர்த்தாலும் அதன் 1 அசையாது. எனவே கழிவு வெளியேற்றத்தை மார்க்குக்குள் கொண்டுவரவே கூடாது, வாசலிலேயே நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் கட்சி. பாசனத்துக்கென நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் திருப்பூருக்கு மறக்காது.

சரி, 'ஆ'வை வெளியே அனுப்பிவிட்டோம். இப்போது 'இ'யின் மதிப்பெண்? 1! 'அ'வைவிட மூன்று மடங்கு தண்ணீர் குடித்தும் விறகு அதே 400 என்பதால் தப்பித்துவிடுகிறது. தோனே 2001இல் தந்த எஸ்.பி.எம். (ஸ்லாக்ஸ் பேஸ்டு மெஷர்) என்ற டி.இ.ஏ. வகை, வீணாகும் அந்த 2,000 லிட்டரையும் பிடித்து 0.67 ஆக்கும். டி.இ.ஏ.வுக்கு இடுபொருள், விளைபொருள் மொத்த எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு பட்டறைகளாவது பட்டியலில் வேண்டும் என்பது வழக்கம்; இங்கே தண்ணீர், விறகு, துணி என மூன்று, ஆகவே ஒன்பது பட்டறை. நாலைந்து பட்டறைக்கு மட்டும் ஆர்டர் கொடுப்பவர் டி.இ.ஏ. பக்கம் போகாமல், வாசல் கேள்வியோடு லிட்டரையும் விறகையும் நேராக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒன்பது கிடைத்தாலும், விறகு லாரியின் எடைச் சீட்டு ஒன்றுதான் வரும். அதில் சாயத்துக்கு எவ்வளவு, எவாபரேட்டருக்கு எவ்வளவு என்பதை பாய்லர் ஆபரேட்டரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.