கோட்டையில் விழுந்த ஓட்டை: வெரிபீ வாக்காளருக்கு இருக்கும் மூன்று வழிகள்

மெல்பர்ன் நகரிலிருந்து வெஸ்ட் கேட் பாலத்தைத் தாண்டித் தென்மேற்கே முப்பது கிலோமீட்டர் போனால் வெரிபீ. விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்தின் 88 தொகுதிகளில் ஒன்று. மாநிலத்தை ஆளும் லேபர் கட்சியின் கோட்டை. இங்கே வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடுவார்கள்; பின்தங்கியவர்களின் வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் பகிரப்படும். 2022 தேர்தலில் அப்படிப் பகிர்ந்த பிறகு அங்கே லேபர் பெற்றது ஏறக்குறைய 61 விழுக்காடு. ஆஸ்திரேலியக் கணக்கில் 60ஐத் தாண்டினாலே ‘பாதுகாப்பான’ தொகுதி. கட்சிக்குத்தான் பாதுகாப்பு, ஊருக்கு அல்ல என்பது மேற்குப் பக்கத்துக்காரர்களின் பழைய புலம்பல்.

புலம்பலில் நியாயம் உண்டு. இந்தப் பக்கத்து வின்டம் வேல் ரயில் பாதையை மின்மயமாக்குவோம் என்று லேபர் சொன்னது 2018ல். இன்றும் அங்கே டீசல் ரயில்தான் ஓடுகிறது. அதே நேரம் நகரின் கிழக்கே, செல்டனம் முதல் பாக்ஸ் ஹில் வரை 26 கிலோமீட்டர் சுரங்க ரயில் பாதை வேலை தொடங்கியாயிற்று, மதிப்பீடு 3,000 கோடி டாலருக்கு மேல். எப்படியும் ஜெயிப்போம் என்று ஒரு கட்சியும், எப்படியும் தோற்போம் என்று இன்னொன்றும் நினைக்கும் இடத்தில் யார் செலவு செய்வார்கள்?

சரி, 2026 நவம்பர் 28 தேர்தலில் இந்த ஊர் வாக்காளர் என்ன செய்யலாம்? வாக்களிப்பது கட்டாயம், போகாவிட்டால் அபராதம். வெற்றுச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம்தான். அதை யாரும் கோபம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை, செல்லாத வாக்குக் குவியலில் போய்ச் சேரும். மிச்சமிருப்பது மூன்று வழி.

முதல் வழி, பழைய கட்சியிலேயே நிற்பது. சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்த டிம் பாலஸ்தான் 2014 முதல் இந்தத் தொகுதியின் உறுப்பினர். பணப்பெட்டியின் சாவியே தொகுதி உறுப்பினர் கையில் இருந்தது. அப்படியிருந்தும் சாலை நெரிசல் தீரவில்லை என்பதுதான் இந்த வழிக்கு எதிரான வலுவான வாதம். அவர் விலகியதால் 2025 பிப்ரவரி 8 அன்று இடைத்தேர்தல் வந்தது. அதில் நின்ற ஜான் லிஸ்டர் உள்ளூர் ஆசிரியர், தன்னார்வத் தீயணைப்பாளர். வேட்பாளர் மீது குறை சொல்ல அதிகம் இல்லை. அடி விழுந்தது கட்சிக்கு. லேபரின் முதல் விருப்ப வாக்கு 45 விழுக்காட்டிலிருந்து 29க்கு இறங்கியது.

இரண்டாவது, நேர் எதிரியான லிபரல் கட்சிக்குப் போவது. ஆட்சி மாற வேண்டும் என்பவருக்கு இதுவே நேர்வழி. ஆனால் அந்த இடைத்தேர்தலைக் கவனியுங்கள். லேபர் இழந்தது 16 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல். லிபரல் வேட்பாளர் ஸ்டீவ் மர்ஃபிக்கு ஏறியது நான்குகூட இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் எதிர் வீட்டுக்குப் போகவில்லை, தெருவில் நின்றுவிட்டார்கள். இந்த வழி பலிக்க மாநிலம் முழுக்க அலை வேண்டும். 2018ல் லேபர் அலை அடித்தபோது கிழக்கே ஹாதார்ன் தொகுதியில் அப்படித்தான் நடந்தது, திசை மட்டும் எதிர். பல பத்தாண்டுகளாக லிபரல் கையிலிருந்த இடம் அது. உறுப்பினர் ஜான் பெசுட்டோ ஏபிசி தொலைக்காட்சி அரங்கில் முடிவுகளை அலசிக்கொண்டிருக்க, அவருடைய காலடி நிலமே நழுவியது. வென்றவர் லேபரின் ஜான் கென்னடி, 71 வயது, ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர். தான் ஜெயிப்போம் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். அலை வடிந்த 2022ல் பெசுட்டோ திரும்ப வந்துவிட்டார்.

மூன்றாவது, சுயேச்சை அல்லது சின்னக் கட்சி. தமிழ்நாட்டுத் தேர்தல் பழக்கத்தோடு வந்த நம்மவர்கள் இதை ‘வாக்கை வீணடிப்பது’ என்பார்கள். அங்கே அது ஓரளவு உண்மை, இங்கே இல்லை. சீட்டில் எல்லாக் கட்டத்திலும் எண் போட வேண்டும். பன்னிரண்டு பேர் நின்றால் 1 முதல் 12 வரை. நீங்கள் 1 போட்ட வேட்பாளர் போட்டியிலிருந்து கழிக்கப்பட்டால் வாக்கு 2க்குப் போகும், அப்புறம் 3க்கு. அந்த இடைத்தேர்தலில் சுயேச்சை பால் ஹாப்பர் மட்டும் 15 விழுக்காட்டை ஒட்டி வாங்கினார். முதல் விருப்பத்தில் லிபரல் ஒரு நூலளவு முன்னே இருந்தது. நம்மூர் முறை என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். மற்றவர்களின் வாக்கு கைமாறி வந்த பிறகு லிஸ்டர் சில நூறு வாக்கு வித்தியாசத்தில் தப்பினார், 51 விழுக்காட்டைக்கூடத் தொடாமல்.

அதாவது சுயேச்சைக்கு 1 போட்டவர் தன் கோபத்தையும் பதிவு செய்தார், யார் வர வேண்டும் என்பதையும் தீர்மானித்தார். ஒரே சீட்டில் இரண்டு வேலை. முதல் விருப்பத்தில் 4 விழுக்காடு தாண்டும் வேட்பாளருக்கு அரசு நிதியும் உண்டு, அடுத்த முறை நிற்க அது கைகொடுக்கும். என் ஓட்டு இந்த மூன்றாவது வழிக்கே.

ஆனால் ஒரு நிபந்தனை. வாசலில் தொண்டர்கள் திணிக்கும் ‘இப்படி வாக்களியுங்கள்’ துண்டுச் சீட்டைப் பார்த்து அப்படியே நிரப்பாதீர்கள். அதிலுள்ள வரிசை கட்சிகள் பேசி முடித்த வரிசை, கட்டாயம் ஏதுமில்லை. வெரிபீயில் கடைசியில் களத்தில் நின்றது லேபரும் லிபரலும் மட்டுமே. அந்த இரண்டில் எதை மேலே வைக்கிறீர்கள் என்பதுதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் எண், அது 2ஆக இருந்தாலும் 11ஆக இருந்தாலும்.

இடைத்தேர்தல் கோபம் பொதுத்தேர்தல் வரை நீடிக்குமா என்பது வேறு கதை. இடைத்தேர்தலில் ஆட்சி கவிழப்போவதில்லை என்ற தைரியத்தில் குட்டு வைப்பார்கள். முதல்வர் யார் என்ற கேள்வி வந்தால் பாதிப் பேர் பழைய வீட்டுக்குத் திரும்புவதும் உண்டு. அப்படித் திரும்புகிறவர்கள்கூட லேபருக்கு 1 போடாமல் 2 போட்டுவிட்டு வரலாம். லிபரல் அதற்குக் கீழே இருந்தால் போதும், கடைசிச் சுற்றில் அது லேபர் வாக்காகவே எண்ணப்படும்.