உடைத்துப் பார்த்தால் தெரியுமா கத்தியின் தரம்?

கத்தியைச் சோதிக்கிற வீடியோக்களில் அதை வைஸில் (பட்டறை இடுக்கியில்) கட்டி வளைக்கிறார்கள். முதுகில் சுத்தியலால் அடித்து கான்கிரீட் கல்லுக்குள் இறக்குகிறார்கள். கார் பானெட்டில் ஓங்கிக் குத்துகிறார்கள். கடைசியில் அது இரண்டாக முறிந்ததும், 'இந்தக் கம்பெனி இவ்வளவுதான்' என்று தீர்ப்புச் சொல்லி வீடியோ முடிகிறது. இதையெல்லாம் பார்த்த பையன்கள் இப்போது அம்பாசமுத்திரம் பக்கத்துப் பட்டறையிலும் வந்து நின்று, "இது கல்லுல அடிச்சாத் தாங்குமா?" என்று கேட்கிறார்கள்.

கேள்வியில் தப்பில்லை. ஆனால் ஒரு கத்தியை எடைபோட வேறு வழிகளும் உண்டு. ஆய்வகத்தில் இயந்திரத்தில் பூட்டி அட்டையை வெட்ட வைக்கலாம். ஆசாரி செய்வதுபோல அரத்தையும் காதையும் வைத்துப் பார்க்கலாம். பேசாமல் வாங்கி வந்து சில மாதம் புழங்கியும் பார்க்கலாம். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: உடைத்துப் பார்ப்பது வெட்டரிவாளுக்குப் பாதி நியாயம், சமையல் கத்திக்கு அநியாயம், செய்கிறவருக்கு மட்டும் முழு நியாயம்.

இரும்பின் குணத்திலிருந்து தொடங்கலாம். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டால், அதாவது தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால், கடினமாகிறது. அதோடு விட்டுவிட்டால் கைதவறித் தரையில் விழுந்தாலே உடைந்துபோகும். அதனால் மறுபடி மிதமாகச் சூடேற்றி அந்தக் கடினத்தைக் கொஞ்சம் இறக்குகிறார்கள். எவ்வளவு இறக்குவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. நிறைய இறக்கினால் அடி தாங்கும், கூர் சீக்கிரம் மழுங்கும். குறைவாக இறக்கினால் கூர் நிற்கும், பக்கவாட்டில் வளைத்தால் முறியும். கடினத்தை எண்ணால் சொல்லும் ராக்வெல் அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) சொன்னால், காட்டு வேலைக்கான பெரிய கத்திகள் 45 முதல் 55 வரை இருக்கும்; ஐரோப்பியச் சமையல் கத்திகள் 54 முதல் 58; ஜப்பானியச் சமையல் கத்திகள் 60-க்கு மேலே. இந்த மூன்றையும் ஒரே வைஸில் கட்டி வளைத்தால் எது முதலில் முறியும் என்பது வளைப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம். அதைச் சோதனை என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் உண்டு.

நம் பக்கத்துப் பாளை அரிவாளையே எடுத்துக்கொள்ளுங்கள். திசையன்விளை, உடன்குடி தேரிக்காட்டுப் பக்கம் பனையேறிகள் இடுப்புப் பெட்டியில் சொருகிக்கொண்டு ஏறுவது. அதற்கு உள்ள ஒரே வேலை பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுவது. காலையும் மாலையும் மரமேறி, கடிப்பு என்ற இடுக்கியால் பக்குவப்படுத்திய பாளையைச் சீவிவிட்டால்தான் பதநீர் சொட்டும். சீவிய முகம் பிசிறாக இருந்தால் ஊறல் குறையும். ஆகவே அந்த அரிவாளுக்கு வேண்டியது சவரக்கத்திக் கூர். மரப்பலகையில் கல்பொடி தூவி நாள் தவறாமல் தீட்டுவார்கள். அலகு மெலிது. இதைக் கொண்டுபோய்க் கான்கிரீட்டில் அடித்தால் முதல் அடியிலேயே வாய் (கூர் விளிம்பு) நொறுங்கிவிடும். வீடியோக்காரர் கணக்கில் அது மட்டமான கத்தி. ஒரு பருவம் முழுக்க அதை நம்பி அத்தனை உயரம் ஏறுகிறவரிடம் போய் இந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பார்க்க வேண்டும்! பனை மட்டை கழிப்பதற்கு அவரே வேறொரு கனத்த அரிவாள் வைத்திருப்பார். அதை வைத்துப் பாளை சீவவும் மாட்டார், இதை வைத்து மட்டை வெட்டவும் மாட்டார்.

வெட்டரிவாள் கதை வேறு. (சினிமாக்காரர்கள் நெல்லை என்றதும் காட்டுகிற அரிவாள் எனக்கு வேண்டாம்; நான் சொல்வது தோட்ட வேலைக்கான அரிவாள்.) உடைமரக் கிளையைத் தறிக்கும்போது கணு குறுக்கிடும். வேலி ஓரத்தில் பழைய கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். தரையோடு வெட்டினால் கல்லில் படும். இளநீர்க் கடைக்காரர் கையில் இருக்கும் அரிவாளோ நாள் முழுக்க ஓங்கி விழுந்துகொண்டே இருக்கும். இங்கே அடி தாங்குமா என்ற கேள்வி நியாயமானது மட்டுமில்லை, அவசியமானதும்கூட. அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு: தாங்க முடியாமல் போனால் எப்படித் தோற்கும்? வாய் மடிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். சிறு பல் விழுந்தால் சாணை பிடித்து ஓட்டலாம். நடுவில் முறிந்து துண்டு பறந்தால் பக்கத்தில் நிற்பவர் கண் போகும். இந்த வித்தியாசத்தை உடைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றுதான் கண்ணுக்குக் காட்டுகிறது. பிடிக்குள் போகும் பாகம் மெலிந்து, அங்கே முறியக்கூடிய அரிவாளையும் அது காட்டிக்கொடுத்துவிடும். கடையில் பிடி போட்டு விற்கிற அரிவாளில் அந்த இடத்தை நாம் பார்க்கவே முடியாது.

ஆனால் ஒன்றை உடைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியுமா? உடைத்துப் பார்ப்பதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். கான்கிரீட் போட்டால் 150 மில்லிமீட்டர் கனச்சதுரமாக வார்த்து, 28 நாள் கழித்து நசுக்குகிறார்கள். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதியின் கணக்கில் மூன்று கட்டிகளின் சராசரிதான் ஒரு முடிவு; ஒவ்வொன்றும் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. வீடு கட்டும் முறுக்குக் கம்பியையும் குறித்த விட்டமுள்ள உருளையைச் சுற்றி வளைத்து, விரிசல் விடுகிறதா என்று பார்க்கிறார்கள். எஃகின் அடிதாங்கும் திறனுக்குச் சார்பி சோதனை இருக்கிறது: அளந்து வெட்டிய துண்டை ஊசல் சுத்தியல் அடித்து முறிக்க எத்தனை ஜூல் செலவானது என்று கணக்கிடுவார்கள். எல்லாவற்றிலும் பொதுவானது, அடி அளந்த அடி, துண்டு அளந்த துண்டு. வீடியோவில் ஒருவர் தன் கைப்பலத்துக்கு அடிக்கிறார். முதல் கத்திக்கு அடிக்கும்போது கை தெம்பாக இருக்கும், நாலாவதுக்கு ஓய்ந்திருக்கும். கல்லில் எந்த இடத்தில் பட்டது, எந்தக் கோணத்தில் இறங்கியது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதுவும் ஒரே ஒரு கத்தி. அந்தக் கம்பெனியின் மற்ற கத்திகளைப் பற்றி அதிலிருந்து என்ன சொல்ல முடியும்?

நாட்டுப்பட்டறை அரிவாளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டித்தான் அடிக்கிறார்கள். நல்ல எஃகுதான், கரி 0.5, 0.6 சதவீதம் இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் பாரம் சுமந்து அலுத்த பட்டையில், போல்ட் ஓட்டையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம். ஒரே பட்டையில் இந்த முனையில் வெட்டிய அரிவாளும் அந்த முனையில் வெட்டியதும் ஒரே மாதிரி தாங்காது.

உடைக்கும் சோதனையை ஒழுங்காக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1976-இல் தொடங்கிய, கத்தி அடிக்கும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியில் தேர்ச்சிப் பட்டம் வாங்க, கொல்லர் தான் அடித்த 10 அங்குலத்துக்கு மேற்படாத அலகைக் கொண்டுபோக வேண்டும். முதலில் தொங்குகிற ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அடுத்து கட்டட வேலைக்கான மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்கப்புறமும் அதே வாயால் கைமுடியைச் சிரைத்துக் காட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வைஸில் கட்டி 90 பாகை வளைப்பார்கள். இரண்டாக முறியக் கூடாது. எனக்கு இதில் பிடித்தது வரிசை. கூர், வேலை, மறுபடி கூர், கடைசியில்தான் வளைப்பு. ஒரே அலகில் இத்தனையும் கேட்டால் வெறும் முரட்டு இரும்பைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. ஆனாலும் இது கொல்லரின் கைக்கு வைக்கும் பரீட்சை. முதுகை மெத்தென்று விட்டு வாயை மட்டும் கடினமாக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நாளைக்கு அவர் விற்கப்போகிற ஒவ்வொரு கத்திக்கும் அது உத்தரவாதம் ஆகாது.

இயந்திரச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா நிறுவனத்தின் இயந்திரம் பிரபலம். கத்தியின் கூரைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 8442-5 என்ற சர்வதேசத் தரம் அதன் வழிதான். 5 சதவீதம் சிலிக்கா கலந்த அட்டையை ஒரே பாரத்தில், ஒரே நீளத்துக்கு, 60 முறை அறுக்க வைத்து மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அறுந்தது என்று கூட்டுகிறார்கள். நியாயம் என்று பார்த்தால் நான்கு வழியில் இதற்குத்தான் முதலிடம். ஆள் மாறினாலும் எண் மாறாது. குறை என்னவென்றால், அது தேய்மானத்தை மட்டுமே அளக்கிறது. சீலா மீனின் முள்ளில் பட்டுப் பல் விழுவதையோ, புளியிலும் எலுமிச்சையிலும் கறுத்துத் துருப்பிடிப்பதையோ அந்த அட்டை சொல்லாது. அப்புறம், பத்தமடையில் ஒருவர் கத்தி வாங்க ஷெஃபீல்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கவும் முடியாது.

ஆசாரி வழிக்கு வருவோம். வளைக்கிற வீடியோவைப் பற்றிச் சொன்னபோது ஒரு ஆசாரி சிரித்துக்கொண்டே கேட்டது: "அண்ணாச்சி, வளைக்கதுக்கா வாங்குதிய, வெட்டதுக்கா?" ஆனால் அவரும் உடைக்கிறார்! புதுப் பட்டை வந்தால் முனையில் ஒரு துண்டை வெட்டி, காய்ச்சி, தோய்ச்சல் போட்டு, பட்டறைக்கல்லின் ஓரத்தில் வைத்து ஒரே அடியில் முறித்துவிடுவார். முறிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்ப்பார். சீனி தூவியதுபோல மினுங்கினால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். எஃகின் மணி (உள்ளே இருக்கும் படிகத் துகள்) பருத்து, அடித்தால் உதிரும். மங்கின சாம்பல் நிறத்தில், மணியே தெரியாமல் இருந்தால் சூடு சரி. அடுத்ததற்கு எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்று அந்தத் துண்டு சொல்லிவிடும். உடைப்பதால் கிடைக்கும் உண்மையான பலன் இந்த முறிந்த முகம்தான். வீடியோக்காரர் பெரும்பாலும் அதைக் காமிராவுக்குக் கிட்டே கொண்டுவருவதே இல்லை. முறிந்த சத்தத்தோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது.

செய்து முடித்த அரிவாளை ஆசாரி உடைப்பதில்லை. வாயில் அரத்தை இழுத்துப் பார்ப்பார். கடித்தால் மெத்து, வழுக்கினால் கடினம். நுனியைத் தொங்கப் பிடித்துச் சுண்டுவார். கணீரென்று நிற்காமல் சத்தம் செத்தால் உள்ளே விரிசல். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் இப்படி விரிசல் விட வாய்ப்பு அதிகம், எண்ணெயில் தோய்ப்பது பத்திரம். வாயைப் பித்தளைக் கம்பியில் சாய்த்து அழுத்தினால் லேசாக வளைந்து திரும்ப வர வேண்டும். அங்கேயே மடங்கி நின்றால் மெத்து, உதிர்ந்தால் இறக்கியது போதவில்லை. இதில் எண் எதுவும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு அரிவாளுக்கும் செய்யலாம், செய்த பிறகும் அரிவாள் மிஞ்சும். வாங்குகிறவனுக்கு அதுதானே வேண்டும்?

புழங்கிப் பார்ப்பதை எல்லோரும் மெச்சுகிறார்கள், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சில மாதம் ஆவதற்குள் நம் கை அந்தக் கத்திக்குப் பழகிவிடும். காசு கொடுத்து வாங்கியதைக் குறை சொல்ல மனசும் வராது. நடுவில் சாணைக்காரர் கையில் போய் வந்தால் அது வேறு கத்தி. சாணைக்கல்லில் தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் தோய்ச்சல் போனது போனதுதான். அதற்கப்புறம் கூர் நிற்கவில்லை என்று செய்தவரைத் திட்டிப் பயனில்லை.

ஆக, வாழைத்தோட்டத்துக்கும் வேலிக்கும் அரிவாள் வாங்கினால் அரம், சத்தம், பித்தளைக் கம்பி பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் காய்ந்த உடைமரக் கணுவில் நாலு வெட்டு வெட்டி வாயைப் பாருங்கள். பல் விழுந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம். சமையல் கத்தியாக இருந்தால் தக்காளித் தோலும் காகித ஓரமும் போதும், வளைத்துப் பார்க்கிற ஆசையை விட்டுவிடலாம். பாளை அரிவாளைப் பனையேறியிடம் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

உடைத்தே பார்க்க வேண்டும் என்று கை அரித்தால், தேய்ந்துபோய்ப் பழைய இரும்புக்குப் போடப்போகிற அரிவாள் வீட்டில் ஒன்று கிடக்கும். அதைச் சாக்கில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, வைஸில் கட்டி முறியுங்கள். முறிந்த முகத்தைத் துடைக்காமல் அப்படியே அடித்துக் கொடுத்த ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மணி பருத்திருந்தால், அடுத்த அரிவாளுக்கு அவர் சூட்டைக் குறைப்பார்.